வாசலில் எழுதியது

மார்ச் 3, திங்கள்

பொங்கியண்ணன் போன் செய்தார். ஆலாங்காட்டு வாய்க்கால் பாசனதாரர் சங்கத்தின் செயலாளர். பதவிக்கு வந்த நாளிலிருந்து சங்கத்தில் சர்வர் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. இன்று திடீரென்று வந்திருக்கிறது.

"ஏனுங்கக்கா, அந்த மெசேஜ் கம்பெனிக்காரங்க மெயில் போட்டிருக்கறாங்க. வெளியூர்ல இருந்து நம்ம பொட்டிக்குள்ள நொழையறதுக்கு ஒரு மென்பொருள் வெச்சிருக்கறமாமா, அது ரொம்பப் பழசாமா. இந்த மாசக் கடைசிக்குள்ள புதுசு போடோணுமாம். இல்லீன்னா நம்ம மெசேஜை வாங்க மாட்டாங்களாம்."

"பழசுன்னா என்ன? ஒழுகுதா?"

"ஒழுகுதுன்னுதானுங்க சொல்றாங்க."

நான் பார்க்காத ஒழுகலை சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துவிட்டார்களாம். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பெட்டியை வைத்தவள் நான். எந்த மதகுக்கு எப்போது தண்ணீர் முறை என்று ஒவ்வொரு விவசாயியின் போனுக்கும் அதுதான் செய்தி அனுப்புகிறது. சங்கத்தில் தட்டச்சராக இருந்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். எந்த வகுப்புக்கும் போகவில்லை. கூட ஒருவன் இருந்தான் என்பது உண்மை. இங்கே அது அவசியமில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் ஈரோட்டு வீட்டிலிருந்தே பெட்டிக்குள் போய்ப் பார்க்கிறேன். சம்பளம் இல்லை. நுழைந்ததும் முதல் வரியில், இதே கணக்கில் கடைசியாக யார், எந்த இணைய எண்ணிலிருந்து வந்தார்கள் என்று காட்டும். இன்று காட்டியது: நேற்று மாலை, ஓசூர் எண். எப்போதும்போல்தான்.

மார்ச் 4, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. அடியில் துரு. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். கொண்டுவந்தவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

மதியம் புதிய மென்பொருளின் குறிப்புகளைப் படித்தேன். ஆங்கிலம்தான், அகராதியை வைத்துக்கொண்டு படிப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஒன்று தெரிந்தது. பழைய வகைச் சாவிகளைப் புதியது ஏற்காது. சாவி என்றால் இரும்பு அல்ல. கணினியில் இருக்கும் ஒரு சின்னக் கோப்பு, அதைக் காட்டினால்தான் பெட்டி உள்ளே விடும். கடவுச்சொல் போட்டு நுழையும் வழியை எப்போதோ அடைத்துவிட்டேன்.

அந்தக் கணக்குக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னுடையது. மற்றது ஓசூரில். இரண்டும் பழைய வகை. மாற்றிய நிமிடத்தில் இரண்டுமே செல்லாது.

எனக்குப் புதிதாக ஒன்று செய்துகொள்வேன். மற்றதைப் பற்றி எனக்கு என்ன.

மார்ச் 6, வியாழன்

பொங்கியண்ணன் மறுபடியும்.

"அக்கா, கம்பெனில ஷர்மிளான்னு ஒரு மேடம் பேசுனாங்க. அவங்களே வந்து மாத்திக் குடுத்தர்றாங்களாம். சாவியும் அவங்களே வெச்சுக்குவாங்களாம். உங்களுக்கும் செரமம் இல்லீங்கொ."

"எனக்குச் செரமம்னு நான் உங்ககிட்டச் சொன்னனா?"

"இல்லீங்க..."

"அப்பறம் எதுக்கு நீங்களாச் சொல்றீங்க? நானே மாத்தறேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை பாத்துப் பண்ணிக்கறேன்."

"இல்ல, வயசான காலத்துல தனியா... லோகண்ணன்கிட்ட வேணும்னா ஒரு வார்த்தை..."

"அந்தப் பேரை எடுத்தீங்கன்னா போனை வெச்சுருவேன்."

எடுத்தார். வைத்துவிட்டேன்.

லோகநாதன் என் தம்பி. சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். சங்கத்தின் வெள்ளிவிழாவில் மேடையேறி, மைக்கைப் பிடித்து, "தனி ஆளா ராப்பகலா உக்காந்து இந்தச் சிஸ்டத்தை உண்டு பண்ணுனேன்" என்றான். பொன்னாடை போட்டார்கள். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் எழுந்து பஸ் ஏறிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு அவன் ஓசூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றியிருப்பதாகக் கேள்வி.

பெட்டிக்குள் மட்டும் வருவான். வந்து பெட்டியின் வன்வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பான், பழைய கோப்புகளை அழிப்பான், போவான். நான் விட்ட பிழையைத் திருத்தியிருப்பான். அவன் விட்டதை நான் திருத்துவேன். வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. அவன் சாவியை எடுத்துவிட்டால் போதும். வேலை பாதியாகக் குறைகிறது என்பதால் எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

கடைசி நுழைவு: நான். நேற்றும் நான்.

மார்ச் 9, ஞாயிறு

கடைசி நுழைவு: நான். காலையில் ஒருமுறை பார்த்தேன், குளித்துவிட்டு ஒருமுறை, சாப்பிட்டுவிட்டு ஒருமுறை. மென்பொருள் மாற்றும் முன்னால் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கவனிப்பது பாதுகாப்புக்கு நல்லது. வேறு காரணம் இல்லை.

பருப்பு அடிபிடித்தது.

மார்ச் 10, திங்கள்

பழைய வட்டின் நகல் எடுத்தேன். புதிய மென்பொருளை இறக்கிவைத்தேன். பெட்டி பழையது, தயாராகச் செய்த பொட்டலம் அதற்குக் கிடைக்காது. மூல நிரலிலிருந்து நானே கட்ட வேண்டும். கட்டும்போது பாதியில் நின்றது. அதற்குத் துணையாக இருக்கும் இன்னொன்றும் பழையதாம். அதையும் இறக்கினேன்.

ஓசூர் எண் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

சங்க அலுவலகத்தில் மேகலா இருக்கிறாள். என் நாற்காலிக்கு அடுத்து வந்தவள். பெட்டியின் மேல் தூசி தட்டச் சொல்வதற்காக அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"தட்டீட்டனுங்க பெரீம்மா. அப்பறம், ஓசூர் மாமாவுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேசனாமா. தெரியுங்களா?"

"எனக்கெதுக்குத் தெரியோணும்?"

"இல்ல... பொறை எடுத்திருக்கறாங்களாமா. கம்ப்யூட்டரே பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லீட்டாராமா. செயலாளர்தான் சொன்னாருங்க."

"பெட்டிக்குப் பின்னாடி இருக்கற காத்தாடி சுத்துதான்னு பாரு."

"சுத்துதுங்க. நல்லாச் சுத்துது. பெரீம்மா, உங்க இன்வெர்ட்டரை மாத்தீட்டுப் பண்ணுங்கொ. போன மாசம் பேசீட்டு இருக்கறப்பவே கரண்ட் போயி நெட்டும் போயிருச்சே."

பேட்டரியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், இன்னும் தாங்கும் என்றேன். அவளுக்கு என் வீட்டு பேட்டரியைப் பற்றி என்ன தெரியும்.

புரைதானா. சரி.

மார்ச் 14, வெள்ளி

கட்டி முடிந்தது. இன்னும் பொருத்தவில்லை.

வாசல் அறிவிப்பு ஒன்று வைக்க வேண்டும் என்று கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. கதவைத் தட்டுகிற எவருக்கும், உள்ளே விடுவதற்கு முன்பே தெரியும்படி ஓர் எச்சரிக்கை. அனுமதி பெற்றவர் மட்டும், உள்ளே கண்காணிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன்.

இன்னொரு பூட்டும் பட்டியலில் இருக்கிறது. அது என்னிடம் முன்பே உண்டு. ஒரே இடத்திலிருந்து மூன்று முறை தவறாகத் தட்டினால், அந்த இடத்தையே ஒரு மணி நேரத்துக்கு அடைத்துவிடும். திருடன் வந்தாலும் சரி, நான் வந்தாலும் சரி. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒன்றுதான் உறுத்துகிறது. இப்படி வாசலை மாற்றும்போது நாங்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் செய்வோம். வாசலை மாற்றினாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. அதனால் ஒருவர் மாற்றுவார். மற்றவர் பழைய இணைப்பை விடாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மாற்றியவர் வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர் திறந்துவிடுவார். கிணற்றில் மோட்டார் இறக்கும்போது மேலே ஒருத்தர் கயிறு பிடிக்கிற மாதிரி. நாங்களும் அதைப் பிடிக்கிறது என்றே சொல்வோம். "நீ புடி, நான் எறங்கறேன்" என்பான்.

இந்தத் தடவை நானே இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் பிடித்துக்கொண்டு மற்றதில் இறங்குவேன். இரண்டும் ஒரே வீட்டு இணைப்பு என்பது தெரியும்.

மார்ச் 15, சனி

நாளைக்கு மாற்றுகிறேன் என்று பொங்கியண்ணனிடம் சொன்னேன். திங்கள் விடியற்காலை கடைமடைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். அதற்கான செய்தி நாளை மாலை போக வேண்டும். அதற்குள் முடிந்துவிடும்.

"அடுத்த வாரம் வெச்சுக்கலாமுங்களே அக்கா? கடைமடைக்காரங்களுக்கு மெசேஜ் போகுலீன்னா மதகுல ஆளே நிக்காது. தண்ணி பாட்டுக்குப் பள்ளத்துல போயிரும். அப்பறம் எல்லாருமா வந்து என் கழுத்தப் புடிப்பாங்க."

"ஞாயித்துக்கெழமைன்னு சொன்னா ஞாயித்துக்கெழமைதான்."

நாளை அவர் திருப்பூரில் கல்யாணத்தில் இருப்பாராம். மேகலாவுக்கு விடுமுறை. அலுவலகச் சாவி செயலாளர் இடுப்பில். ஒன்றும் ஆகாது என்றேன்.

அவன் சாவிக்குப் புதிது கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. நாளையோடு அந்த எண் வராது. கண் தெரியாதவனுக்குச் சர்வர் எதற்கு.

மார்ச் 16, ஞாயிறு

முழுக்க எழுதிவைக்கிறேன். பின்னால் வேறு யாரும் மேடையில் வேறு மாதிரி சொல்லக்கூடாது.

காலையில் உள்ளே போனேன். வேலை தொடங்கும் முன் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். நான். அப்புறம் ஓசூர் எண்.

வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஒன்றும் தட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். பொங்கியண்ணனின் வாய் நிற்காது என்பது தெரிந்ததுதான்.

உள்ளே இருக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வரி எழுதிக்கொள்ள வசதி உண்டு. நான் எழுதவில்லை. அவனும் எழுதவில்லை. நான் என் வேலையைத் தொடங்கினேன்.

புதியதைப் பொருத்தினேன். என் புதிய சாவியை அதற்குரிய இடத்தில் வைத்தேன். பழைய வாசலுக்குப் புதிய சாவியைத் தெரியாது, அதனால் முன்கூட்டிச் சோதிக்க முடியாது. மாற்றிய பிறகுதான் தெரியும். மாற்றினேன். என் பழைய இணைப்பு அறுபடவில்லை. ஓசூரும் அறுபடவில்லை. இரண்டாவது ஜன்னலில் புதிய சாவியோடு தட்டினேன். மறுத்தது.

ஏன் என்று பார்க்கப் பதிவுக் கோப்பைத் திறக்கும்போது கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது.

இருட்டு இல்லை, பகல்தான். மின்விசிறி சுற்றி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு ஜன்னலும் போயின. பொங்கியண்ணனுக்குப் போன் போட்டேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம்தான் கேட்டது. மேகலா எடுக்கவில்லை. எடுத்தாலும் அலுவலகம் பூட்டு.

அப்போதுதான் காரணம் விளங்கியது. திங்கட்கிழமை நகல் எடுக்கும்போது என் அடைவை, அதாவது பெட்டிக்குள் என் கோப்புகள் இருக்கும் அறையை, மற்றவர்களும் எழுதலாம் என்று திறந்துவைத்தேன். திரும்ப மூடவில்லை. சாவி இருக்கும் இடம் இப்படித் திறந்து கிடந்தால் அந்தச் சாவியைப் பெட்டி நம்பாது. சரியான விதி. நானே பத்து பேருக்குச் சொல்லியிருப்பேன்.

கரண்ட் வந்தது. என்னிடம் ஒரே வழிதான் இருந்தது. தட்டும்போது பெயர் சொல்லித்தான் தட்ட வேண்டும். பெட்டிக்குத் தெரியாத பெயரைச் சொன்னால், இன்ன பெயரில் யாரோ வந்தார்கள் என்று அந்தப் பெயரையே பதிவில் எழுதிவைக்கும். உள்ளே இருப்பவன் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பான். பார்த்துக்கொண்டிருந்தால்.

மாற்றும்போது தட்டியது ஒரு தவறு. இரண்டு பாக்கி.

பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கில எழுத்தில் அடித்தேன்: லோகு-அடைவைப்-பூட்டு.

மறுத்தது. காத்திருந்தேன். சாதத்தை வடித்தேன். மறுபடி என் பெயரில் தட்டிப் பார்த்தால் அது மூன்றாவது; சரியாக இல்லையென்றால் அடைபட்டுவிடும். அவனுக்குக் கண் தெரியவில்லையா, எழுந்து போய்விட்டானா, மகள் திட்டிக் கணினியை மூடிவிட்டாளா என்று எதுவும் தெரியாது. அவன் மூடியிருந்தால் அவ்வளவுதான். அவன் சாவியும் செல்லாது. இரண்டு பேரும் வெளியே. கடைமடைக்குத் தண்ணீர் வரும், மதகில் ஆள் இருக்காது.

போன் செய்திருக்கலாம். எண் இல்லை. கேட்டு வாங்கியிருக்கலாம் என்று யாராவது சொன்னால், ஆம், வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது தட்டலை எதற்குச் செலவழிப்பது என்று யோசித்தேன். அடைவின் முழுப் பாதையையும் எழுதியிருக்க வேண்டும். கண் சரியில்லாதவனுக்கு அது உதவும். எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அடித்தது: இருக்கியா.

மறுத்தது. வாசல் அடைபட்டது. நான் போட்ட பூட்டு ஒழுங்காக வேலை செய்தது.

பாத்திரம் கழுவினேன். கொடியிலிருந்த துணியை எடுத்து மடித்தேன். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். நடுவில் தட்டிப் பயன் இல்லை என்பது எனக்குத் தெரியும். துணி மடிக்கும்போது நடுவில் எழுந்து போய்த் தட்டினேன்.

வாசல் திறந்திருந்தது. உள்ளே இருந்து யாரோ பூட்டை எடுத்துவிட்டிருந்தால்தான் அப்படி இருக்கும்.

நான் எழுதிவைத்த எச்சரிக்கையைக் காணோம். அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது. நடுவில் இரண்டு எழுத்து தவறு.

"இருக்கேன் அக்கா. புடிச்சிருக்கேன். வா."

அடுத்த வரியில் நான் உள்ளே இருந்தேன்.

அடைவை ஒழுங்காக மூடியிருந்தான். சாவிகள் வைக்கும் கோப்பைத் திறந்து பார்த்தேன். புதிய சாவி என்னுடைய ஒன்றுதான். உள்ளே இவ்வளவு நேரம் தனியாக இருந்திருக்கிறான், தன் புதுச் சாவியை அவனே போட்டுக்கொண்டிருக்கலாம். போடவில்லை.

நான்தான் முதலில் எழுதினேன். வேறு வழியில்லை, அவன் இணைப்பு அறுந்தால் பிறகு அவனுக்கு வழி கிடையாது.

"புதுச் சாவி செஞ்சு இங்கயே எழுது."

ரொம்ப நேரம் ஆயிற்று. வந்தது. சேர்த்தேன். தட்டிப் பார்க்கச் சொன்னேன். வந்தான்.

மாலையில் கடைமடைக்குச் செய்தி போயிற்று.

மார்ச் 17, திங்கள்

பொங்கியண்ணன் மதகிலிருந்தே பேசினார். ஆட்கள் சத்தம் கேட்டது.

"அக்கா, எல்லாரும் மம்பட்டியோட வந்து நிக்கறாங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே நேத்து? மண்டபத்துல சத்தம், போன் வந்ததே தெரியல."

"ஒரு பிரச்சினையும் இல்ல."

"அப்ப லோகண்ணன் சொன்னது..."

"என்ன சொன்னான்?"

"அக்கா மாத்துனாங்க, நான் சும்மா புடிச்சிருந்தேன்னாருங்க. கறுப்புக் கண்ணாடிக்கு மேல பூதக்கண்ணாடி வெச்சுட்டுப் பார்த்தாராமா. மக கூட ஒரே சண்டையாமா. நெம்பர் குடுக்கட்டுங்களா?"

சொல்லுங்க என்றேன். காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

பொன்னாடை விஷயம் வேறு. அது அப்படியே இருக்கிறது. அதை மைக்கில் சொன்னான், மைக்கில்தான் திருத்த வேண்டும்.

மார்ச் 19, புதன்

இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி. பழையதை எடுத்துப் போனார்கள்.

கடைசி நுழைவு: நேற்று மாலை, ஓசூர்.

மார்ச் 24, திங்கள்

ஷர்மிளா என்ற அந்தப் பெண் பேசினாள். வெளியிலிருந்து பெட்டியைச் சோதித்துவிட்டார்களாம். மென்பொருள் சரி, சாவிகள் சரி, பூட்டு சரி.

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம். வாசல் அறிவிப்புல ஏதோ பர்சனல் மெசேஜ் மாதிரி இருக்கு. யார் கனெக்ட் பண்ணினாலும் அதுதான் வருது. எங்க ரிப்போர்ட்ல எல்லாருக்கும் தெரியுது. ஸ்டாண்டர்ட் வார்னிங்கா மாத்திடுங்க."

"அந்த அறிவிப்பு எதுக்கும்மா வெக்கச் சொல்றீங்க?"

"வெளியில இருந்து தட்டறவங்களுக்கு, உள்ள ஆள் இருக்கு, பாத்துட்டிருக்காங்கன்னு தெரியணும். அதுக்குத்தான்."

"அதைத்தான் எழுதியிருக்குது," என்றேன். "மாத்த முடியாது."

எழுத்துப் பிழை இரண்டையும்கூடத் திருத்தவில்லை.